கதவு திறந்திருக்கிறது, வழிச்செலவு?

"அகதி முகாமில் வளர்ந்த பிள்ளை எஞ்சினியராக முடியுமா?" எனப் பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. முடியும். 1945 முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். விஞ்ஞான, பொறியியல் பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியவையும் அவற்றுள் அடங்கும்.

1981இல் தொடங்கிய மகாபொல உதவிப்பணமும் உண்டு. ஆனால் அது பிள்ளை போய்ச் சேர்ந்த அன்றே கைக்கு வராது. அதுவரை அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு? எடுத்த இடத்தை வறிய பிள்ளை இழப்பது இங்கேதான்.

பிடியரிசி சேர்த்து அறப்பணி செய்த மரபு நம்முடையது. வயல் கைவிட்டுப் போயினும் உலை வைக்கும்போது ஒரு பிடி ஒதுக்கலாம். ஊர்ச் சங்கம் அதைக் காசாக்கி, உயர்தர விஞ்ஞான, கணித மாணவருக்கென இன்றே வைப்பிலிடட்டும். அனுமதிக் கடிதம் வந்தபின் கடனுக்கு அலையவேண்டியதில்லை.