வினை முடிக்கும் வகை

எடுத்த கருமம் இனிது முடிதற்கு மூன்று வேண்டும். அடையவேண்டிய எல்லையைத் தெளிவாகக் கூறும் குறிக்கோள் ஒன்று. இன்னார், இன்ன காலத்துள், இன்ன பொருள்கொண்டு செய்தல் வேண்டும் என வகுக்கும் திட்டம் மற்றொன்று. செய்யும் முறையை நாடோறும் ஆராய்ந்து திருத்துதல் மூன்றாவது. வினைசெயல்வகைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். இக்காலத்தார் இம்மூன்றையும் தனித்தனிக் கலைகளாகப் பயில்கின்றனர். ஆயின், பிரிந்து நிற்பின் இவை பயன் தாரா.

செய்முறைத் திருத்தம் யாதென்பதைப் பூண்டுலோயா வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து, தரம் பிரிக்கப்படுகின்றது. அளவோடு வாடாத கொழுந்து உருட்டும்போது சரிவர முறுகாது. அக்குறையைப் பின்னர் உலர்த்தும் அடுப்பு நீக்கமாட்டாது. குறை தோன்றுமிடம் ஒன்று. பிறந்த இடம் வேறொன்று. பிறந்த இடத்தைத் தேடித் திருத்துவதே செய்முறைத் திருத்தம். 1950இல் அமெரிக்கரான டெமிங் யப்பானியப் பொறியியலாளர்க்கு ஆற்றிய தரக்கட்டுப்பாட்டு விரிவுரைகளின் உட்கருத்தும் இதனோடு ஒத்ததே.

மூன்றும் இணைந்தால் விளைவது யாது, இணையாவிடின் நேர்வது யாது என்பதற்கு இலங்கையின் மலேரியா வரலாறே தக்க சான்றாகும். நம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கி நடந்த காலத்தில், காட்டுவழியிலே காய்ச்சலுக்கு இரையானோர் பலர். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுவில் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் நோய் விரைந்து தணிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. கருமம் முடிந்ததென எண்ணித் தெளித்தல் நிறுத்தப்பட்டது; கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு என்ன? 1969இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. குறிக்கோளும் இருந்தது, திட்டமும் இருந்தது. பயனைக் காத்துநின்ற அன்றாடச் செய்முறையே கைவிடப்பட்டது.

1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அதன்பின் குறிக்கோள் ஆண்டோடு கூறப்பட்டது: உள்நாட்டில் தொற்றும் இருவகை மலேரியாவுள் கொடியதாகிய பல்சிபாரம் 2012க்குள்ளும், விவாக்ஸ் 2014க்குள்ளும் ஒழிதல் வேண்டும். பிரதேசந்தோறும் பொறுப்பாளர் நின்றனர். செய்முறையும் மாறியது. நோயாளி வைத்தியசாலைக்கு வருமளவும் காத்திராது, நடமாடும் குழுவினர் ஊர்களுக்குச் சென்று இரத்தம் எடுத்தனர். ஒரு நோயாளி அகப்பட்டால், தொற்று எங்கிருந்து வந்தது, அயலார் யார் யார் என ஆராய்ந்தனர். டி.டி.ரி.க்கு நுளம்பு அஞ்சாதாயினபின் வேறு மருந்துகள் தெளிக்கப்பட்டன. 2009 வரை போர் நீடித்த நாட்டில், உள்நாட்டுத் தொற்றின் இறுதி நோயாளி 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார்; குறித்த தவணைக்கு முன்னரே காரியம் கைகூடிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. எனினும், இம்முறை கண்காணிப்பு நிறுத்தப்படவில்லை. பிறநாட்டிலிருந்து வருவோர் நோயைக் கொணரக்கூடும் என்பதை 1963இன் பாடம் மறக்கவிடவில்லை.

மாணவர்காள், இப்பாடம் நமக்கும் உரியது. முன்னாள் மாணவர் நூலகம் ஒன்று எழுப்புவரேல், திறப்புவிழா நாளைக் குறிப்பது திட்டம். வாரந்தோறும் எத்தனை நூல்கள் மாணவர் கைக்குச் செல்கின்றன, செல்லாதவை ஏன் செல்லவில்லை என வினவுவது செய்முறைத் திருத்தம். படிக்கும் பழக்கம் வளர்தலே குறிக்கோள். விழா முடிந்தவுடன் வினாவும் முடியுமாயின், எஞ்சுவது பூட்டிய அலுமாரியே. ஆதலின், வெற்றி பெற்ற நாளின் மறுநாளும் செய்யவேண்டியதை முதல்நாளே எழுதி வைப்போமாக.