நீர்க்கடுப்பும் அதற்குரிய மருந்தும்

ஊரில் இருந்த வரையில் நீர்க்கடுப்பு என்றால் இளநீரும் நீர்மோரும் பார்லிக் கஞ்சியுமாகக் கைவைத்தியம் பார்த்துக் கொண்டோம். டில்லிக்கும் மும்பைக்கும் குடிவந்த பின்னர் வழக்கம் மாறிவிட்டது. கூச்சம் ஒரு பக்கம், பாஷை தெரியாமை ஒரு பக்கம். தெருமுனை மருந்துக் கடையில் அரைகுறையாகச் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். இரண்டு நாளில் எரிச்சல் தணிகிறது. சில வாரங்களில் உபாதை திரும்புகிறது. அப்பொழுது அதே மாத்திரை கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதையே இங்கு விளக்கப் புகுகிறோம்.

இவ்வுபாதைக்குப் பெரும்பாலும் காரணமாவது நம் குடலிலேயே வாழும் எஷெரிக்கியா கோலை என்னும் கிருமி. அது சிறுநீர்த் தாரை வழியே மேலேறிப் பையை அடைகிறது. பெண்களுக்கு அத்தாரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆதலின் அவர்களையே இது மிகுதியும் பற்றுகிறது. ஒழுக்கக் கேட்டுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, நாணுவதற்கும் இடமில்லை.

1962-இல் நாலிடிக்ஸிக் அமிலம் என்ற மருந்து அறிவிக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே பின்னர் வந்த நார்ஃபிளாக்ஸசினும் சிப்ரோஃபிளாக்ஸசினும். அவை நல்ல மருந்துகளே. ஆனால் காய்ச்சலுக்கும் அவையே, வயிற்றுப்போக்குக்கும் அவையே என்று வழங்கியதன் பயனாகக் கிருமிகள் அவற்றை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டன. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் காணப்படும் எஷெரிக்கியா கோலையில் பெரும்பாலானவை சிப்ரோஃபிளாக்ஸசினுக்கு அடங்குவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதியவை தோற்ற இடத்தில் பழைய மருந்தொன்று வென்று நிற்கிறது. 1953-இல் புழக்கத்துக்கு வந்த நைட்ரோஃப்யூரன்டாயின் இடையில் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. இன்று சிறுநீர்ப்பை அழற்சிக்கு மருத்துவர்கள் முதலில் நாடுவனவற்றுள் அதுவும் ஒன்று. அது கிருமியை ஒரே இடத்தில் தாக்காமல் பல இடங்களில் ஒருங்கே தாக்குகிறது. ஆகவே கிருமிக்கு எளிதில் தப்ப வழியில்லை. பொதுவாக ஐந்து நாள், உணவோடு உட்கொள்ளத் தருவர். சிறுநீர் கருமஞ்சளாகப் போகும், அஞ்ச வேண்டாம். 1969-இல் கண்டறியப்பட்ட ஃபாஸ்ஃபோமைசினும் இவ்வாறே மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. 3 கிராம் தூளை நீரில் கலந்து ஒரே வேளை பருகுவதோடு முடிந்தது.

ஆயினும் நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில் சேருமேயன்றிச் சிறுநீரகத்தின் சதையில் போதிய அளவு சேராது. குளிர்க்காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி, வாந்தி ஆகியவை கண்டால் நோய் மேலேறிவிட்டது என்று பொருள். அந்நிலையில் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசி மருந்து தேவைப்படலாம். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கும், பிரசவ காலம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் இம்மருந்து ஆகாது. கர்ப்பிணிகள் எந்நிலையிலும் தாமே மருந்து வாங்கலாகாது.

கடைக்காரர் கூடவே ஒரு சிட்ரேட் பாகையும் கொடுப்பதுண்டு. அது எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம், கிருமியைக் கொல்லாது. அன்றியும் சிறுநீரின் புளிப்பை மாற்றி நைட்ரோஃப்யூரன்டாயினின் வலிமையைக் குறைக்கவும் கூடும். இரண்டையும் ஒன்றாக விழுங்குமுன் மருத்துவரைக் கேட்பது நன்று.

உபாதை அடிக்கடி திரும்பினால் சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். முதல் மாத்திரை விழுங்குமுன்பே கொடுக்க வேண்டும். பின்னர் கொடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம். தொடக்க நீரை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது அத்தாளில் இருக்கும். மாற்றலாகி வேறு ஊர் சென்றாலும் அத்தாளை உடன் கொண்டு செல்லுங்கள்; புதிய மருத்துவருக்கு அதுவே வழிகாட்டி.

மருத்துவரிடம் சொல்லத் தெரியவில்லை என்ற குறையும் வேண்டாம். சிறுநீர் எரிச்சலை ஹிந்தியில் ‘பேஷாப் மேம் ஜலன்’ என்பர். மராத்தியில் ‘லகவீலா ஜளஜள’. குளிர்க்காய்ச்சல் ஹிந்தியில் ‘டண்ட் கே ஸாத் புகார்’. இந்தப் புகார் நாம் எழுதிக் கொடுக்கும் புகார் அன்று, காய்ச்சல். இச்சொல்லை மட்டும் விடாமல் சொல்லுங்கள். மாத்திரை போதுமா, ஊசி வேண்டுமா என்று மருத்துவர் தீர்மானிப்பது பெரும்பாலும் அதைக் கொண்டே.