பாட்டு நடக்கும்போதே கீபோர்டின் ஒலியை மாற்றுவது எப்படி?

பினாங்கில் கல்யாண விருந்தோ கோயில் திருவிழாவோ, பாட்டுக் கச்சேரி என்றால் மேடையில் அநேகமாக ஒரு கீபோர்டு இருக்கும். அதை வாசிப்பவர் நீங்கள் என்றால் இந்தச் சங்கடம் உங்களுக்குப் புதிதல்ல. சரணம் வரப்போகிறது. வயலின் கூட்டத்தின் ஒலி மந்தமாக எழுகிறது. பாடகர் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார். மெனுவுக்குள் புகுந்து தேட நேரமில்லை.

ஒரு ஒலிக்குள் எத்தனையோ அளவுகள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் கற்க வேண்டுமா? வேண்டாம். ஒலியை உருவாக்கும் வேலையை நிறுவனமே முடித்துத் தந்துவிட்டது. நீங்கள் செய்வது சமையல் முடிந்தபின் உப்பு, புளி பார்ப்பது மட்டும்தான். அதற்கு நான்கு அளவுகள் போதும்.

முதலாவது கட்டாஃப் (ஒலியின் கூர்மையான மேல்பகுதியை எந்த இடத்தில் வெட்டுவது என்ற அளவு). குறைத்தால் ஒலி மங்கி மென்மையாகும், கூட்டினால் பளிச்சென்று வரும். பாடகரின் குரலை உங்கள் ஒலி அமுக்குகிறது என்றால் பலரும் சத்தத்தைத்தான் குறைப்பார்கள். அதைவிடக் கட்டாஃபைக் கொஞ்சம் இறக்குவது நல்லது. பின்னணி நிறைவாகவே இருக்கும், குரலுக்கும் இடம் கிடைக்கும்.

இரண்டாவது அட்டாக் (விசையை அழுத்தியதும் ஒலி முழு அளவுக்கு எழ எடுக்கும் நேரம்). மேலே சொன்ன வயலின் சிக்கலுக்கு மருந்து இதுதான். வேகமான பாட்டுக்குக் குறையுங்கள், தாலாட்டுப் போன்ற பாட்டுக்குக் கூட்டுங்கள்.

மூன்றாவது ரிலீஸ் (விரலை எடுத்தபின் ஒலி அடங்க எடுக்கும் நேரம்). இது அதிகமானால் ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் ஏறிக் குழப்பும். காலால் பெடலும் மிதிப்பவர் இதைக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது ரிவெர்ப் (மண்டபத்தில் ஒலி எதிரொலித்து நீள்வது போன்ற விளைவு). உயரமான கூரையுள்ள மண்டபத்தில் இடமே எதிரொலிக்கும், ஆகவே கருவியில் குறையுங்கள். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டு வாசிக்கிறீர்களா? அங்கே சுவரே இல்லை. கொஞ்சம் கூட்டலாம்.

நாதஸ்வரம் வேண்டும் என்று கேட்டால்? 1991இல் வந்த ஜெனரல் மிடி (எல்லாக் கருவிக்கும் பொதுவான 128 ஒலிகளின் பட்டியல்) நாதஸ்வரத்துக்கு இடம் தரவில்லை, வீணைக்கும் தரவில்லை. சிதார் 105ஆம் எண்ணில் இருக்கிறது, ஷெனாய் 112இல். ஷெனாயை எடுத்துக்கொண்டு கட்டாஃபைச் சற்று ஏற்றினால் நாதஸ்வரத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரலாம். கமகத்துக்கு இடதுபக்கம் உள்ள பிட்ச் பெண்ட் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) வேண்டும். வழக்கமாக அது இரண்டு அரைச் சுரம்தான் வளையும். அந்த எல்லையை மெனுவில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள், மேடையில் முடியாது.

இந்த அளவுகள் மெனுவுக்குள் ஒளிந்துகொண்டது எப்படி? 1970இல் வந்த மினிமூக் கருவியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் வெளியே இருந்தது. 1983இல் யமாஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. ஒரு சின்னத் திரை, வரிசையாகப் பொத்தான்கள், மதிப்பை மாற்ற ஒரே ஒரு தள்ளுகோல். அற்புதமான ஒலி, ஆனால் அதைத் திருத்தப் பொறுமை இருந்தவர்கள் குறைவு. குமிழ்கள் பிறகு திரும்பி வந்தது அதனால்தான் என்பது என் எண்ணம். யமாஹா பிஎஸ்ஆர்-இ463 போன்ற வீட்டு கீபோர்டில்கூட இரண்டு குமிழ்கள் உண்டு. ஒரு பொத்தானை அழுத்த அழுத்த அவற்றின் வேலை மாறும்: ஒருமுறை கட்டாஃப், இன்னொருமுறை ரிவெர்ப், இன்னொருமுறை அட்டாக்.

என் கருவியில் குமிழே இல்லையே? மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) உள்ளீடு இருந்தால், குமிழ்கள் உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை அதில் இணைக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு, பெட்டியின் குமிழுக்கு அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்: கட்டாஃப் 74, அட்டாக் 73, ரிலீஸ் 72, ரிவெர்ப் 91. மதிப்பு 0 முதல் 127 வரை போகும். முதல் மூன்றுக்கும் பெரும்பாலான கருவிகளில் 64 என்றால் மாற்றம் இல்லை என்று பொருள். ரிவெர்ப்புக்கு 0 என்றால் அறவே இல்லை.

குமிழைத் திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லையா? கருவி கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். குமிழ் அப்போது வேறு வேலையில் இருக்கலாம். இரண்டு ஒலிகளை அடுக்கி வாசிக்கும்போது மாற்றம் மற்ற ஒலிக்குப் போயிருக்கலாம். கட்டாஃப் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தால் மேலும் கூட்டினாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: குமிழைத் தொட்டதுமே ஒலி திடீரென்று தாவும். குமிழ் நிற்கும் இடம் ஒன்று, அந்த ஒலியில் பதிந்திருக்கும் மதிப்பு வேறு. தொட்டவுடன் கருவி குமிழின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சில கருவிகளில் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், குமிழ் பழைய மதிப்பைத் தாண்டும் வரை எதுவும் மாறாது. மேடைக்கு அதுவே பாதுகாப்பு. கடற்காற்றும் தூசியும் படிந்த பழைய குமிழும் இப்படித் தாவும். அதற்கு மின்கருவிகளுக்கென்று விற்கும் சுத்தம் செய்யும் தெளிப்பான்தான் சரி, எண்ணெய் விடாதீர்கள்.

மாற்றியது அப்படியே இருக்குமா? பலரும் ஏமாறுவது இங்கேதான். குமிழால் செய்த மாற்றம் பெரும்பாலான கருவிகளில் தற்காலிகமானது. வேறு ஒலிக்குப் போய்த் திரும்பினால் பழையபடி ஆகிவிடும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: மாற்றுங்கள், சேமியுங்கள், வேறு ஒலிக்குப் போங்கள், கருவியை அணைத்துப் போடுங்கள், மறுபடி அந்த ஒலியை எடுங்கள். மாற்றம் நின்றால் நம்பலாம். நிற்காவிட்டால் அந்தக் கருவி குமிழ் மாற்றத்தைச் சேமிப்பதில்லை, மேடையில் ஒவ்வொரு முறையும் கையால்தான் திருப்ப வேண்டும்.

தப்பாகத் திருத்திவிட்டால் மூல ஒலி போய்விடுமா? பொதுவாகப் போகாது. நிறுவனம் தந்த ஒலிகள் தனியாக இருக்கும், உங்கள் திருத்தம் பயனர் பகுதியில் பதியும். ஆனால் ஃபேக்டரி ரீசெட் (கருவியை வாங்கியபோது இருந்த நிலைக்கே திருப்புவது) உங்கள் பகுதியையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். அந்தப் பொத்தானுக்குக் கை போவதற்கு முன், சேமித்த ஒலிகளை யுஎஸ்பியிலோ கணினியிலோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.