காக்கையின் அரசாட்சி

எங்கள் மொட்டை மாடியில் தினந்தோறும் காக்கைக்குச் சோறு வைப்பது என் தாயார் காலத்து வழக்கம். பக்கத்திலேயே சிட்டுக்குருவிகளுக்கென்று ஒரு தட்டில் நொய்யும் கம்பும் வைத்தேன். நடந்தது என்ன? ஒரே வாரத்தில் காக்கைகள் இரண்டையும் தம் சொத்தாக்கிக்கொண்டன. குருவிகள் வருவதையே நிறுத்திவிட்டன.

காக்கையை நொந்து பயனில்லை. அது சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பக்ஷி, குருவியோ 15. கால் ஊன்ற இடமுள்ள அகன்ற தட்டு எப்போதும் பெரியதற்கே அனுகூலம். அன்றியும், குருவியின் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்து செல்லும் காக்கையின் எதிரில் அது இறங்க அஞ்சுவதில் வியப்பென்ன?

தட்டைச் சுற்றிக் கம்பிக் கூண்டு அமைப்பது ஓர் உபாயம். குருவி நுழைய 32 மில்லிமீட்டர் இடைவெளி போதும். காக்கையும் புறாவும் வெளியே நிற்கும். தட்டு கம்பியிலிருந்து ஒரு சாணாவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இல்லையேல் காக்கை அலகை நீட்டிக் காரியத்தை முடித்துவிடும். (அணிலின் சாமர்த்தியம் தனிக் கதை!)

அதனினும் எளிது நம் முன்னோர் செய்தது: நெற்கதிர்க் கொத்தை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுதல். ஆடும் கதிரில் குருவி தொற்றிக்கொள்ளும். கனத்த காக்கைக்குப் பிடி கிடைப்பது அரிது.

காக்கைக்கு உரியதை நான் குறைக்கவில்லை. அதன் சோறு மாடியில். குருவியின் கதிர் கீழே தாழ்வாரத்தில். இப்போது ஓட்டுச் சந்தில் ஒரு ஜோடி கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுகளுக்குத் தானியம் உதவாது, புழு பூச்சிதான் வேண்டும். ஆதலால் தோட்டத்தில் மருந்து தெளிப்பதை நிறுத்தியிருக்கிறேன். கத்தரிச் செடிகளைப் பற்றி என் மனைவிக்குக் கவலைதான்.