ரூம் வாடகை மிச்சம், நியூயார்க் பாக்கி

2023 செப்டம்பரில் நியூயார்க் மாநகராட்சி ஒரு சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விட வேண்டுமென்றால் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும். ஆள் தங்கும் நாட்களில் அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏர்பிஎன்பியில் ஆயிரக்கணக்கில் கிடைத்த வீடுகள் காணாமல் போயின. மிச்சமிருப்பது ஹோட்டல். மன்ஹாட்டனில் சுமாரான அறைக்கே ஓர் இரவுக்கு 250, 300 டாலர் கேட்கிறார்கள். அதன் மேல் ஏறத்தாழ 15 சதவீத வரி வேறு. எந்த விலையைப் பார்த்தாலும் ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மை விடாது. பெருக்கிப் பார்த்தால் அந்த அறையில் தூக்கம் வராது.

ஆகவே ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கும் அக்கா மகன், எடிசனில் இருக்கும் சித்தப்பா பெண், குவீன்ஸில் இருக்கும் மருமகன் என்று யாராவது ஒருவர் வீட்டு சோபா நமக்கு ஹோட்டலாகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படித் தங்கிவிட்டு வந்தவர்களிடம் "ஊர்ல என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டைம்ஸ் ஸ்கொயர், சுதந்திர தேவி, ஒரு மால், ஒரு காஸ்ட்கோ. ஒரு மாதம் இருந்தவர்களுக்கும் பட்டியல் இதைத் தாண்டுவதில்லை. வாடகை மிச்சமானது உண்மை, நியூயார்க்தான் பார்க்காமல் பாக்கி நின்றுவிட்டது.

காரணம் சனிக்கிழமை. "வர்ற சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன் மாமா, நீங்க தனியா போக வேணாம்" என்று மருமகன் சொல்வார். பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குள் ஒரு வாரத் துணி துவைக்க வேண்டும், மளிகை வாங்க வேண்டும், பையனை நீச்சலுக்கும் பெண்ணைத் தமிழ் வகுப்புக்கும் கொண்டுபோய் விட வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டம் எதுவும் கிடையாது. கம்பெனி பார்த்துக் கொடுக்கும் சொற்ப நாட்களையும் அவர் இந்தியா வருவதற்காகச் சேர்த்து வைத்திருப்பார். போதாததற்குக் கார். 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே கார் நுழைந்தாலே பகல் நேரத்தில் 9 டாலர். ஆற்றைக் கடக்கும் சில பாலங்களுக்கும் சுரங்கச் சாலைகளுக்கும் தனிச் சுங்கம், பார்க்கிங்குக்கு அதைவிட அதிகம். ஹோட்டலில் மிச்சம் பிடித்ததை அவர் பையிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறோம். அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

வாரநாளில், ரயிலில், தனியாகப் போகக் கற்றுக்கொள்வதுதான் வழி. சென்னையில் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் பிழைத்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. நியூயார்க் சப்வே 1904-இல் தொடங்கியது. 472 நிலையங்கள், இரவு பகல் ஓய்வில்லாத ஓட்டம். ஒரு நிலையம் போனாலும் ஊரின் மறுகோடிக்குப் போனாலும் ஒரே கட்டணம். 2026 ஜனவரி முதல் 3 டாலர். பழைய மெட்ரோகார்டு விற்பனை நின்றுவிட்டது. வங்கி அட்டையையோ போனையோ வாசலில் தொட்டால் கதவு திறக்கும். ஒரே அட்டையை ஏழு நாள் விடாமல் தொட்டு வந்தால், 35 டாலர் ஆனதும் அந்த வாரம் முழுக்க மிச்சப் பயணம் இலவசம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். 44 அங்குல உயரத்துக்குள் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை.

எந்த ரயில்? கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஊதா வட்டத்துக்குள் 7 என்று எழுதிய ரயில். குவீன்ஸில் ஃபிளஷிங்கில் கிளம்பி, வழியில் பெரும்பகுதி தெருவுக்கு மேலே மாடிப் பாதையில் ஓடி, ஆற்றுக்கு அடியில் நுழைந்து மன்ஹாட்டனில் முடிகிறது. மொத்தம் 22 நிலையங்கள். ஒரு வாரம் இந்த ஒரே வண்டியில் ஏறி இறங்கினால் போதும். டூர் பஸ்காரர்கள் காட்டுகிற நியூயார்க்கும் கிடைக்கும், அவர்கள் காட்டாததும் கிடைக்கும்.

ஃபிளஷிங்கில் இறங்கினால் சீனக் கடைகள், சீனப் பலகைகள், நடைபாதையில் நண்டும் கீரையும். அதைக் கடந்து பவுன் ஸ்ட்ரீட்டில் நடந்தால் கோபுரம். ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம், 1977-இல் கும்பாபிஷேகம் கண்டது. ஐ.நா. சபையில் பணியாற்றிய செட்டிநாட்டுக்காரர் அழகப்பா அழகப்பன் 1970-இல் தன் வீட்டில் நாலு பேரைக் கூட்டிப் பேசியதில் தொடங்கிய முயற்சி இது. 2022-இல் அந்தத் தெருவுக்கு 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்ற பெயரையும் சேர்த்து வைத்தார்கள். தெருவின் பழைய பெயருக்கு உரியவரான ஜான் பவுன் 1662-இல் கைதானவர். குவேக்கர்கள் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவர்களைத் தன் வீட்டில் வழிபட விட்டார் என்பது குற்றம். அவருடைய வீடு இன்னும் அதே தெருவில் இருக்கிறது. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தடுக்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றவர் பெயருள்ள தெருவில் பிள்ளையார் வந்து உட்கார்ந்தது, யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. கோயிலுக்குக் கீழே கேன்டீன். தோசை நன்றாகவே இருக்கிறது. மன்ஹாட்டன் ரெஸ்டாரன்ட் போல டிப்ஸுக்கு 20 சதவீதம் எடுத்து வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அடுத்த நிலையம் மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயின்ட். இறங்கி ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவுக்குள் நடந்தால், 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்த பிரம்மாண்ட எஃகு பூகோள உருண்டை. பக்கத்தில் குவீன்ஸ் மியூசியம். ஐ.நா. பொதுச்சபை தனக்கென்று கட்டடம் கிடைப்பதற்கு முன்பு, 1946 முதல் 1950 வரை, இந்தக் கட்டடத்தில்தான் கூடியது. உள்ளே நியூயார்க் நகரம் முழுவதையும் தரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள்: ஐந்து வட்டாரங்கள், பாலங்கள், தீவுகள், எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், எல்லாம் நூறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குப் போக ஆளுக்கு 40 டாலருக்கு மேல் கொடுத்தவர்களைவிட இங்கே வந்தவர்களுக்கு ஊரின் அமைப்பு நன்றாகப் பிடிபடும். மருமகன் வீடு எங்கே இருக்கிறதென்று தேடுவதற்கே அரை மணி நேரம் போய்விடும். ஊர் வந்த முதல் வாரத்தில் பார்க்க வேண்டிய இடம் இது. கடைசி நாளில் பார்த்துப் பயனில்லை.

அப்புறம் கொரோனா என்று ஓர் ஊர்ப்பகுதி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நோய்க்கு முந்தைய பெயர். ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 74-ஆம் தெருவில் ஜாக்ஸன் ஹைட்ஸ்: வங்காளி மளிகை, திபெத்திய மோமோ, தங்க நகைக் கடை. ஆற்றுக்கு முந்தைய கடைசி நிலையமான வெர்னன்-ஜாக்ஸனில் மாலை நேரம் பார்த்து இறங்குங்கள். நாலு தெரு நடந்தால் கேன்ட்ரி பிளாசா பூங்கா. எதிர்க்கரையில் ஐ.நா. கட்டடமும் மன்ஹாட்டனின் விளக்குகளும் வரிசையாகத் தெரியும். காசு இல்லாமல் இதைவிட நல்ல காட்சி இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. அதற்குப் படகு ஏற வேண்டும், பிறகு வருகிறேன்.

ஆற்றைத் தாண்டியதும் கிராண்ட் சென்ட்ரல். 1913-இல் கட்டிய நிலையம். கூரை முழுக்க நட்சத்திர மண்டலம், அதுவும் இடம் வலம் மாற்றி வரைந்தது. கீழ்த்தளத்தில் ஆய்ஸ்டர் பாருக்கு வெளியே வளைவுக் கூரை. ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் நிற்பவருக்குக் கேட்கும். எத்தனை வயதான தம்பதியும் இதைச் செய்து பார்க்காமல் நகர்ந்ததில்லை. அடுத்த நிறுத்தத்தில் 1911-இல் திறந்த பொது நூலகம். வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள், உள்ளே போக டிக்கெட் கிடையாது. நூலகத்தின் பின்னால் பிரயன்ட் பார்க். நம் பெரியவர்கள் வெளியே கிளம்பத் தயங்குவதற்கு உண்மையான காரணம் பாத்ரூம், வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் பூங்காவின் பொதுக் கழிப்பறை ஊரிலேயே பேர்போனது. புதுப் பூக்கள் வைத்து, மேற்கத்திய சாஸ்திரீய சங்கீதம் போட்டிருப்பார்கள். கட்டணமில்லை. கடைசி நிலையமான ஹட்ஸன் யார்ட்ஸில் ஏறினால் ஹை லைன். சரக்கு ரயில் ஓடிய பழைய மேம்பாலப் பாதையில் செடி நட்டு, 2009 முதல் நடைபாதையாக்கி விட்டிருக்கிறார்கள்.

இப்போது படகு. மன்ஹாட்டனின் தென்கோடியில் வைட்ஹால் துறை. ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போகும் ஆரஞ்சு நிறப் படகுக்கு 1997 முதல் கட்டணமே இல்லை. 25 நிமிடப் பயணத்தில் சுதந்திர தேவி சிலையை வலதுபுறமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். சிலை இருக்கும் தீவிலேயே இறங்க வேண்டுமென்றால் வேறு படகு, சுமார் 25 டாலர். துறைக்கு வெளியே சட்டைக்கு மேல் அடையாள அட்டை தொங்கவிட்டு, இந்த இலவசப் படகுக்கே டிக்கெட் விற்க வருவார்கள். தலையை ஆட்டாமல் நடந்துவிடுங்கள். நம் ஆட்டலை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் பலரும் அக்கரையில் இறங்கிய கையோடு அடுத்த படகில் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். செயின்ட் ஜார்ஜ் துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் டாம்ப்கின்ஸ்வில். அமெரிக்காவில் இலங்கைக்காரர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளில் முக்கியமானது. கொத்து ரொட்டியும் இடியாப்பமும் சம்பலும் விக்டரி புலவார்டில் கிடைக்கும்.

எடிசனிலோ அதற்கும் தள்ளியோ தங்குபவர்களுக்கு இது இவ்வளவு சுலபமில்லை. என்ஜே டிரான்ஸிட் ரயிலில் போக ஒரு மணி நேரம் ஆகும்; இரண்டு பேர் போய்வந்தால் கணிசமான செலவு. அங்கே வீடு பெரியது, தனி அறை உண்டு, ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய் முதல் பட்டுப்புடவை வரை கிடைக்கும். ஊர் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் சின்ன வீடானாலும் சப்வே பக்கத்தில் இருக்கும் உறவுக்காரரே மேல். இரண்டு இடத்திலும் சொந்தம் இருந்தால் பகிர்ந்து தங்குங்கள். இரண்டு வீட்டுக்கும் நல்லது.

மூட்டை கட்டும்போது இரண்டு விஷயம். அத்தை கேட்டாரே என்று பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். சொல்லாமல் மறைத்தால் அபராதமும் உண்டு. பொடியாக்கி எடுத்துப் போங்கள், கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். இன்னொன்று மருத்துவக் காப்பீடு. அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் விமான டிக்கெட், ஷாப்பிங் எல்லாம் சேர்ந்தாலும் அந்த பில்லுக்குக் கால்தூசு. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், ஏற்கெனவே இருக்கும் நோயால் திடீர் ஆபத்து வந்தால் காப்பீடு கொடுக்குமா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கடுகு போடுங்கள்.

சரி, மருமகனின் சனிக்கிழமையை என்ன செய்வது? அவர் கூட வந்தால்தான் லாபம் என்கிற இடங்களுக்கு அதை வையுங்கள். நகரவாசிகளுக்கு நூலக அட்டை இலவசம். அந்த அட்டைக்கு 2018 முதல் 'கல்ச்சர் பாஸ்' என்ற சலுகை உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்தால் பல அருங்காட்சியகங்களில் அவருக்கும் கூட வருபவருக்கும் நுழைவு இலவசம். சில பாஸ்களில் நாலு பேர் வரை போகலாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் மாநிலத்துக்காரர்கள் விரும்பியதைக் கொடுத்து நுழையலாம். பதினைந்து வருடம் அந்த ஊரில் இருந்தும் நூலக அட்டை வாங்காத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நீங்கள் போய்ச் சொன்னால் வாங்குவார்கள்.

மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கும் சனிக்கிழமையே தோது, இரவு 9 மணி வரை திறந்திருக்கும். தெற்காசியப் பகுதியில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலப் பார்வதி நிற்கிறாள். உலகம் முழுக்கப் புகைப்படத்தில் பார்த்த வெண்கலம் அது. அந்த இடுப்பு ஒசிவைக் கிட்டே நின்று பார்க்க அவசரமில்லாத ஒரு மாலை வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள் அடையாளம் காட்டி விரும்பியதைக் கொடுக்கலாம். மருமகன் ஒரு டாலர் நீட்டினாலும் கவுண்டரில் முகம் சுளிக்க மாட்டார்கள். 2018-க்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை: உங்களுக்கு 30 டாலர், 65 வயதானால் 22. அந்தக் காசைக் கட்ட அவர் பர்ஸை எடுப்பார், விடாதீர்கள்.