‘பேசி முடிச்சாச்சு’ன்னா முடிஞ்சிடுமா? வீட்டுக் கடனுக்குக் குறுக்கே நிற்கும் பழைய கல்விக் கடன்!

கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் நாலு பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, “ரெண்டு லட்சத்துக்கு ஒண்ணேகால் கொடுத்துரு, கணக்குத் தீர்ந்துச்சு” என்று பேசி முடிப்பது விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கைமாற்று, சீட்டு, பட்டாசு ஆலையில் வாங்கிய முன்பணம் என எதுவாக இருந்தாலும் பேசி முடித்தால் முடிந்ததுதான். புரோநோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

வங்கியில் இந்த வழக்கம் அப்படியே தலைகீழ். அங்கே பேசி முடித்த கடன் முடிவதில்லை. ‘செட்டில்டு’ என்ற ஒற்றை வார்த்தையாக சிபில் அறிக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது அங்கே இருப்பதே பலருக்கும் தெரியாது. வருடங்கள் கழித்து, இடம் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வீட்டுக் கடன் கேட்டுப் போகும் நாளில்தான் தெரியவருகிறது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில் இருக்கும் காரியாபட்டி போன்ற ஊர்களில், இந்தச் சிக்கலின் முக்கியமான வேர்களில் ஒன்று கல்விக் கடன்.

இன்ஜினீயரிங் அலையில் வாங்கிய கடன்

2001-ல் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். ப.சிதம்பரம் மத்திய நிதியமைச்சராக இருந்த காலத்தில் தமிழகத்தில் கல்விக் கடன் வேகம் பிடித்தது. அதே சமயம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கையும் 500-ஐத் தாண்டியது. காரியாபட்டிக்குப் பக்கத்தில் புல்லூரிலேயே ஒரு பொறியியல் கல்லூரி. மானாவாரி நிலத்தையும் மில் வேலையையும் நம்பியிருந்த வீடுகளில் முதன்முறையாக ஒரு பிள்ளை ‘பி.இ’ போட்டுக்கொண்டது இந்தக் கடனால்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் படிப்பு முடிந்த பிறகு வந்தது. கேம்பஸில் வேலை கிடைக்காதவர்கள், சென்னைக்கோ கோவைக்கோ போய்ச் சொற்பச் சம்பளத்தில் சேர்ந்தார்கள். ரூம் வாடகையும் மெஸ் பில்லும் போக மாதத் தவணைக்கு என்ன மிஞ்சும்? முதல் தவணை தவறியது. 90 நாள்கள் தாண்டியதும் கணக்கு ‘வாராக் கடன்’ ஆனது.

“எப்படியும் தள்ளுபடி வரும்”

அப்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். ஊரில் அன்றைக்கு நிலவிய நம்பிக்கை வேறு. கூட்டுறவு சங்கப் பயிர்க் கடன் 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடியானது. 2021-ல் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்குட்பட்ட நகைக் கடன், மகளிர் குழுக் கடன் ஆகியவற்றுக்கும் அறிவிப்புகள் வந்தன. 2016, 2021 தேர்தல்களில் பெரிய கட்சிகளின் அறிக்கைகளிலேயே கல்விக் கடன் தள்ளுபடி இடம்பெற்றிருந்தது. பக்கத்து வீட்டுப் பயிர்க் கடன் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள், தங்கள் பிள்ளையின் கல்விக் கடனும் போகும் என்று காத்திருந்ததில் என்ன ஆச்சர்யம்?

ஆனால், கூட்டுறவுக் கடன் வேறு, தேசிய வங்கிக் கடன் வேறு. தேசிய வங்கி கொடுத்த கடனை மாநில அரசு தன் உத்தரவால் ரத்து செய்ய முடியாது. அரசே பணத்தைக் கட்டினால்தான் உண்டு. 2014 இடைக்கால பட்ஜெட்டில் கிடைத்த 2,600 கோடி ரூபாய் நிவாரணமும், 2009 மார்ச் 31-க்கு முன் வாங்கிய கடன்களின் வட்டிச் சுமைக்கு மட்டும்தான். அசல் அப்படியே நின்றது.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. ஸ்டேட் பேங்க் 847 கோடி ரூபாய் மதிப்புள்ள வாராக் கல்விக் கடன்களை, ஏறக்குறைய 45 சதவிகித விலைக்கு ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. 2016 ஜூலையில், கல்விக் கடன் நெருக்கடிக்கு ஆளான மதுரைப் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரிழந்தபோது, இந்த விற்பனை தமிழகம் முழுக்க விவாதமானது. ‘45 ரூபாய்க்கு வாங்கியவர் மாணவனிடம் 100 ரூபாய் கேட்கலாமா?’ என்ற அன்றைய கேள்வி இன்றும் நியாயமானதுதான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பல குடும்பங்களுக்கு, தங்கள் கடன் வங்கியிலிருந்து வேறு கைக்கு மாறியதே தெரிந்தது.

அப்பா பெயரிலும் அதே கறை

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் படிக்கப் போன பையனுக்கு இப்போது 30 வயதைத் தாண்டிவிட்டது. மதுரையில் ஒழுங்கான வேலை, கல்யாணம், ஒரு குழந்தை. சொந்த ஊரில் 20 லட்சம் ரூபாய் கடனில் வீடு கட்ட ஆசை. சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு எல்லாம் பக்கா. ஆனால், சிபில் அறிக்கையில் பழைய கல்விக் கடன் ‘ரிட்டன் ஆஃப்’ என்று நிற்கிறது. ‘சரி, அப்பா பெயரில் கேட்போம்’ என்றால், இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் அறிக்கையிலும் அதே வரி! ‘கையெழுத்துத்தானே போட்டோம், பணத்தைத் தொடவே இல்லையே’ என்று அப்பா சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது.

‘ரிட்டன் ஆஃப்’ என்றால் தள்ளுபடி என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு. கடன்தாரரின் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் போன் வரும். “3 லட்சம் பாக்கி சார். ஒரே தடவையில் ஒன்றரை லட்சம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்.” பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றும். நம் ஊர் வழக்கப்படி இதுதான் ‘பேசி முடிப்பது’. ஆனால், அடுத்ததாக வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர் இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

20 லட்சம் ரூபாய், 20 வருடம். வட்டி 8 சதவிகிதம் என்றால் மாதத் தவணை 16,729 ரூபாய். அதுவே 9 சதவிகிதம் என்றால் 17,995 ரூபாய். மாதம் 1,266 ரூபாய்தான் வித்தியாசம். 240 மாதங்களில் அது 3 லட்சத்தைத் தாண்டிவிடும். வங்கிகள் கைவிரித்து, 12 சதவிகித வட்டியில் ஒரு தனியார் நிறுவனத்திடம் போக நேர்ந்தால் தவணை 22,022 ரூபாய். 8 சதவிகிதத்தோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் 12.7 லட்சம் ரூபாய் கூடுதல். பேசி மிச்சம் பிடித்தது ஒன்றரை லட்சம்!

எனவே, கையில் பணம் புரட்ட முடிந்தவர்களுக்கு முழு பாக்கியையும் கட்டி ‘குளோஸ்டு’ என்று பதிவாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். அபராத வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால், குறைத்த பிறகு கணக்கு எப்படிப் பதிவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ‘செட்டில்டு’ ஆனவர்களும், அன்று விட்டுக்கொடுக்கப்பட்ட தொகையைக் கட்டிவிட்டு ‘குளோஸ்டு’ என்று மாற்றக் கோரலாம். பணம் புரட்டவே முடியாதவருக்கு, இழுத்துக்கொண்டே போவதைவிட செட்டில்மென்ட் மேல். ஆனால், கடனைத் தள்ளிக்கொடுத்த அந்த வங்கியிடமே மறுபடி கடன் கேட்க, ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் வழிகாட்டுதல்படி விவசாயம் அல்லாத கடன்களில் குறைந்தது 12 மாதங்களாவது காத்திருக்க வேண்டும்.

யாருக்குக் கட்டுவது?

போன் செய்தவருக்குக் கட்டாதீர்கள். முதலில் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ‘ஸ்கோரை ஒரே வாரத்தில் ஏத்தித் தர்றோம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆசாமிகளுக்கு ஆயிரக்கணக்கில் அழுவதைவிட இது எவ்வளவோ தேவலை. நிஜமான பாக்கியை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது.

அறிக்கையில் கடன் இப்போது யார் பெயரில் இருக்கிறது, கடைசியாகக் கட்டிய தேதி, பாக்கி எல்லாம் இருக்கும். வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால், பழைய வங்கிக் கிளைக்கு நேரில் போய் அதற்கான கடிதத்தைக் கேட்க வேண்டும். கிளை வேறு கிளையோடு இணைந்திருக்கலாம், மேனேஜர் பத்து முறை மாறியிருக்கலாம். அலைச்சல்தான், வேறு வழியில்லை. பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்த வேண்டும். வசூலுக்கு வருபவரின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அவர்கள் போன் செய்வதற்கு ரிசர்வ் வங்கியின் தடை இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டி முடித்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றைக் கையோடு வாங்குங்கள். 2025 ஜனவரி 1 முதல், வங்கிகள் 15 நாள்களுக்கு ஒருமுறையாவது கடன் விவரங்களைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும். அதன் பிறகும் பழைய பாக்கியே காட்டினால், சிபில் இணையதளத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். 30 நாள்களுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

உடனே ஸ்கோர் எகிறிவிடாது. தவணை தவறிய மாதங்களின் தடம் கொஞ்ச காலம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு சின்ன நகைக் கடனோ, பைக் லோனோ வாங்கி நாள் தவறாமல் கட்டி வந்தால்தான் மெள்ள ஏறும். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு ஒரு வருடம் முன்பாவது இந்த வேலையை ஆரம்பிப்பது நல்லது.

“மூணு வருஷம் ஆச்சு, கேஸ் போட முடியாது!”

டீக்கடை சட்ட ஆலோசனைகளில் பிரபலமானது இது. பாதி உண்மை. காலவரையறைச் சட்டப்படி கடனுக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருடங்கள்தான். ஆனால், இடையில் கொஞ்சம் பணம் கட்டியிருந்தாலோ, பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தாலோ கெடு அன்றிலிருந்து மறுபடி ஓடும். கெடு முடிந்த பிறகுகூட, ‘கட்டுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லுபடியாகும் வாக்குறுதி. கெடுவுக்குள்ளேயே வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியிருந்தால், அதை நிறைவேற்ற 12 வருடங்கள் இருக்கின்றன.

வீடு கட்ட நினைப்பவருக்கு இந்த வாதத்தால் பெரிய பிரயோஜனமும் இல்லை. வழக்குப் போட முடியாமல் போகலாம். அறிக்கையில் இருக்கும் வரி போகாது. ‘ஏழு வருஷத்தில் தானா அழிஞ்சிடும்’ என்பதும் அப்படித்தான். கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதிகபட்சம் 7 என்று எங்கும் சொல்லவில்லை.

மனைவிக்கு வருமானமும் சுத்தமான அறிக்கையும் இருந்தால், அவர் பெயரில் இடம் வாங்கி அவரே கடன் கேட்பது ஒரு வழி. ஆனால், சொத்தில் கணவர் பெயரும் இருந்தால் வங்கி பெரும்பாலும் அவரையும் இணைக் கடன்தாரராகச் சேர்க்கச் சொல்லும். கதை பழைய இடத்துக்கே வந்துவிடும். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வாரக்கூலி வாங்கும் பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். சம்பளம் கையில் ரொக்கமாக வந்தால் வருமானத்துக்குச் சான்று இருக்காது. இப்போதிருந்தே கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்டால் நாளைக்கு உதவும்.

கோர்ட், கேஸ் என்று போகாமல் முடிக்க தேசிய லோக் அதாலத்தும் இருக்கிறது. விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். வழக்குப் போடாத வங்கிக் கடன்களையும் அதாலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் கிடையாது. வட்டியில் நல்ல குறைப்பும் கிடைக்கலாம். ஆனால், அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே, பேனாவை எடுக்கும் முன் எதிரில் இருக்கும் வங்கி அதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “சிபிலில் இது ‘குளோஸ்டு’ என்று வருமா, ‘செட்டில்டு’ என்று வருமா?” பதிலை வாய்வார்த்தையாக விடாமல், ஒப்பந்தத்தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.