எழுதியவர் ஒருவர், உடையவர் ஒருவர்

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுகள் அமெரிக்காவில் வீடுதோறும் புகுந்துகொண்டிருந்த 1979-ஆம் ஆண்டில், அடாரி என்ற கம்பெனியில் உத்தியோகம் பார்த்த வாரன் ராபினெட் என்ற இளைஞர், ‘அட்வென்ச்சர்’ என்னும் விளையாட்டை, கற்பனை, சித்திரம், ஓசை, நிரல் ஆகிய சகலத்தையும் தாம் ஒருவரே செய்து, நாலே கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்கி முடித்தார். அது பத்து லட்சம் பிரதிகள் விற்றது. அவருக்குக் கிடைத்தது மாதச் சம்பளம்தான்; பெட்டியின் மேலோ, உள்ளே வைத்த கையேட்டிலோ அவர் பெயர் இல்லை. இயற்றியவரின் பெயரை வெளியிடுவதில்லை என்பது அக்கம்பெனியின் வழக்கம். பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக்காரர்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போவார்கள், கீர்த்தி வந்தால் சம்பளமும் கூடக் கேட்பார் என்கிற பயம் எந்த முதலாளிக்கும் இயல்பானதுதானே!

ராபினெட் வாதாடவில்லை. விளையாட்டில் வரும் கறுப்புக் கோட்டையின் சுற்றுவழிகளுக்குள் ஓர் அறையில், பின்னணியின் நிறத்திலேயே ஒரே ஒரு புள்ளியை ஒளித்து வைத்தார். கண்ணுக்குப் புலப்படாத அந்தப் புள்ளியைத் தட்டுத்தடுமாறி எடுத்து, மஞ்சள் கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கூடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே வேறு சில பொருள்களையும் சேர்த்துவிட்டால், அதுவரை அசையாதிருந்த தடுப்பு வழிவிடும். அதற்கப்பால் ஓர் அறை, அதன் நடுவில் மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி ஒளிரும் எழுத்துக்களில், இதைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்ற ஒரு வரி. இதைப் பற்றி அவர் அலுவலகத்தில் எவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, சால்ட் லேக் சிட்டியிலிருந்து 15 வயதுச் சிறுவன் ஒருவன் அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோதுதான் ரகசியம் அம்பலமாயிற்று.

அதே 1979-இல் அக்கம்பெனியின் தேர்ந்த நிரலாளர்களான டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் முதலியோர், தங்கள் உழைப்பு ஈட்டித் தரும் வருமானத்துக்கும் தங்கள் கைக்கு வரும் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் பார்த்து, வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு விளையாட்டையும் செய்தவர் இன்னார் என்று பிரசித்தமாக அறிவித்தே விற்றார்கள். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. 1982-இல் அது சமரசத்தில் முடிந்தது.

நிரலைப் பொறுத்தவரை உடைமை வேறு, கர்த்தா என்ற பெயர் வேறு என்பதை நம்மவர் பலர் யோசிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டின் நமது பதிப்புரிமைச் சட்டம், 1984-இல் செய்த திருத்தத்தால் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டது. புலவர்கள் கேட்டால் புன்னகை செய்வார்கள், போகட்டும். அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஊழியத்தின் போக்கில் எழுதிய நிரலுக்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், முதல் உடைமையாளர் முதலாளியே. ஆனால் 57-ஆம் பிரிவோ, பதிப்புரிமை முழுவதையும் பிறருக்குக் கொடுத்துவிட்ட பின்னும், இது என் படைப்பு என்று உரிமை கொண்டாடும் பாத்தியதையை எழுதியவரிடமே விட்டுவைக்கிறது. அமெரிக்கச் சட்டத்திலோ, ஊழியர் வேலையின் பொருட்டு எழுதியதற்குக் கம்பெனியே கர்த்தா. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், கர்த்தா என்று அடையாளம் காட்டப்பெறும் உரிமையைப் பிற நூலாசிரியர்களுக்குத் தந்துவிட்டு, நிரலுக்கு விலக்கு வைத்தது. இவ்விஷயத்தில் நம் நாட்டுச் சட்டமே நியாயமானது என்பது என் அபிப்பிராயம். ஆயினும், ஏட்டிலுள்ள இந்த உரிமையைக் கேட்டு வாங்குகிற நிரலாளர் நம்மிடையே அபூர்வம்.

சம்பளத்துக்கு அல்லாமல், ஒப்பந்தத்தின் பேரில் வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவரின் நிலைமை வேறு. பணம் வாங்கிக்கொண்டதனாலேயே உரிமை மாறிவிடாது. கையெழுத்திட்ட எழுத்துமூலமான உரிமை மாற்றம் வேண்டும். அதிலும் காலவரையறை குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்ளச் சொல்கிறது. கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதி வாங்கிய வியாபாரி, அது முற்றிலும் தமக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருப்பார். பத்திரம் இல்லையென்றால் அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

தகராறு பெரும்பாலும் கிளம்புவது, ஊழியர் இரவில் வீட்டில் உட்கார்ந்து சொந்த ஆசைக்கு எழுதிய நிரலைப் பற்றியே. அது ஊழியத்தின் போக்கில் எழுதியதா, கம்பெனியின் மடிக்கணினியில் எழுதியதா என்ற கேள்விகள் எழும். அவற்றைவிட முக்கியமாக, வேலையில் சேர்ந்த தினத்தன்று படிக்காமல் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தின் ஏழாவது பக்கத்திலோ எட்டாவது பக்கத்திலோ, நீர் சிந்திப்பதெல்லாம் எமக்கே சொந்தம் என்ற பொருள்பட ஒரு வாசகம் நுழைந்திருக்கும். ஆகவே புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளே, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முன்பே நீங்கள் எழுதி வைத்திருக்கும் நிரல்களின் ஜாபிதா ஒன்றை அதோடு இணைக்கச் சொல்லுங்கள். வெளிவரும் மென்பொருளில் செய்தவர்களின் பெயர் இடம்பெறுமா என்று அன்றைக்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.